பிராசசர் மாற்றியதும் டிஸ்ப்ளே வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2018 கடைசியில் வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருந்தபடியே சில பனியன் கம்பெனிகளுக்கு டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பல வருடக் கணக்கு அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்காது என்று சொல்லி, கல்லூரி முதல் வருடம் படிக்கும் என் மகன் ஆன்லைனில் ரைசன் 5 5600 பிராசசர், இன்னொரு 8 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான டிஸ்க்) மூன்றும் வாங்கி ஒரே நாளில் மாட்டினான். இப்போது சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் சிக்னல் இல்லை என்று மட்டும் வருகிறது. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால், "போர்டு போயிடுச்சு, போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் மூணும் மாத்தணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்கிறார்கள். பழைய பிராசசர் பத்திரமாக இருக்கிறது. "நான்தான் கெடுத்துட்டேன்" என்று மகன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? என் கணக்குகள் என்னாகும்?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும். பிராசசரை மாற்றியதால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது எதுவும் அழியாது. டிஸ்ப்ளே வராமல் நிற்கிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடும் கட்டத்துக்கே போயிருக்காது. உங்கள் கணக்குகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன.

அந்த ஹார்ட் டிஸ்க்கை இன்றைக்கே கழற்றி வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி என்று உங்கள் வேலைக்கு நாள் குறித்திருக்கிறதே, அது இந்த ரிப்பேருக்காகக் காத்திருக்காது. சாட்டா வகை இணைப்புள்ள இந்த டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கிற கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கும். உங்களுடையது மேசைக் கம்ப்யூட்டரில் வரும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால், தனியாகக் கரண்ட் அடாப்டர் உள்ள கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். அந்த டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி மட்டும் போதாது. தெரிந்தவர் லேப்டாப்பில் இணைத்து, டேலியின் டேட்டா ஃபோல்டரைத் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000, 10001 என்கிற மாதிரி எண்ணையே பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த டேட்டா ஃபோல்டரை முழுதாக காப்பி எடுங்கள், ஒன்றுக்கு இரண்டு இடத்தில். இணைத்ததும் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். கடைக்கு கேபினட்டைக் கொண்டுபோகும் நிலை வந்தாலும் இந்த டிஸ்க் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்க்க ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை.

இனி போர்டு விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் போர்டு போகவில்லை என்றே நினைக்கிறேன். பதினெட்டாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய பாகங்களின் பட்டியலை வைத்தே டிஸ்ப்ளே வராததற்கு இரண்டு காரணம் சொல்ல முடியும். இரண்டிலும் எந்தப் பாகமும் பழுதில்லை.

முதலாவது இது. ரைசன் 3 2200ஜி என்பதில் கடைசியில் இருக்கிற 'ஜி' எழுத்துக்குப் பொருள், அந்த பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸும் இருக்கிறது என்பது. 2018 பிப்ரவரியில் வந்த அந்தச் சிப்புக்குள் வேகா 8 என்ற கிராபிக்ஸ் பகுதி உண்டு. அதனால்தான் இத்தனை வருடமும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், மானிட்டர் வயரை மதர்போர்டின் பின்பக்கம் சொருகியே வேலை செய்தீர்கள். உங்கள் மகன் வாங்கிய ரைசன் 5 5600-இல் அந்த 'ஜி' இல்லை. அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் இருக்கிற எச்டிஎம்ஐ துளை வெறும் வழிதான். படத்தை உண்டாக்குவது பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸ். அது இல்லாதபோது எல்லாப் பாகமும் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், அந்தத் துளையிலிருந்து ஒருநாளும் டிஸ்ப்ளே வராது. உங்கள் கடிதத்தில் கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால்தான் என் சந்தேகம் முதலில் இங்கே போகிறது.

இரண்டாவது, பயாஸ், அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருள். உங்கள் போர்டு 2018-இல் வாங்கியது. 5600 விற்பனைக்கு வந்தது 2022 ஏப்ரலில். பிராசசர் உட்காருகிற ஏஎம்4 சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் சிப் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் போர்டுக்குள் எழுதி வைத்திருக்கிற பயாஸ் மென்பொருளுக்கு, தனக்குப் பிறகு நான்கு வருடம் கழித்து வந்த சிப்பை அடையாளம் தெரியாது. பி450 போர்டுகளுக்கு 5000 வரிசையைத் தெரிந்துகொள்ளும் பயாஸ் பின்னால்தான் வந்தது. 2018-இலிருந்து பயாஸை யாரும் தொடவில்லை என்றால், சுவிட்ச் போட்டதும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நீங்கள் எழுதியிருப்பது இதுதானே.

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்படி இருந்தால் ஒன்றைச் சரிசெய்தும் டிஸ்ப்ளே வராது, அதைப் பார்த்து மனம் தளரக்கூடாது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கூட்டமான கடையில் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை, வேறு ராம் போட்டும் வரவில்லை என்றால் 'போர்டு' என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பழைய பிராசசரைப் போட்டுப் பார்க்கிற அரைமணி நேரம் அங்கே யாருக்கும் இருப்பதில்லை. எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றச் சொன்னது மட்டும் எனக்குப் புரியவில்லை. பழைய 2200ஜி, புதிய 5600 இரண்டுமே 65 வாட் சிப்கள்தான். பழையதை ஓட்டிய எஸ்எம்பிஎஸ் புதியதையும் ஓட்டும்.

இனி எழுதப்போவதை உங்கள் மகனிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, முதலில் அந்தச் சிவப்பு விளக்கின் பக்கத்தில் கொஞ்சம் டார்ச் அடித்துப் பார். பொடி எழுத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு பெயர்கள் இருக்கலாம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டு போகும், எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடியே இருக்கும். விஜிஏ என்ற இடத்தில் எரிந்தால், பிராசசரும் ராமும் தேறிவிட்டன, கிராபிக்ஸ்தான் இல்லை என்று பொருள். அப்படியானால் உன் பயாஸ் இந்தச் சிப்பை ஏற்கெனவே அறிந்திருக்கிறது, பாதி வேலை குறைந்தது. சிபியு அல்லது டிராம் இடத்தில் எரிந்தால் பயாஸ், ராம், பிராசசரின் அடியில் இருக்கிற பின்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும். எல்லா போர்டிலும் இந்த விளக்கு கிடையாது. பெயர் எதுவும் இல்லாமல் ஓரத்தில் எரிவது வெறும் அலங்கார விளக்காகவும் இருக்கும். அப்போது இன்னொரு வழி உண்டு. சுவிட்ச் போட்டு ஓரிரு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்து. அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை.

எது எரிந்தாலும் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக நன்றாக ஓடிய நிலைக்குத் திரும்பிப் போ. பழைய பிராசசர், பழைய ராம் ஒன்று மட்டும். புதிய ராமும் எஸ்எஸ்டியும் வெளியே இருக்கட்டும். மூன்று பாகத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், தப்பு எங்கே என்று தேடுவதற்கு மூன்று இடம் ஆகிவிடுகிறது. பழைய நிலையில் டிஸ்ப்ளே வந்துவிட்டால் போர்டு, பழைய ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், வயர் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும். கடைக்காரருக்கும் அதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

பிராசசரை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஏஎம்4 சிப்பில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. கூலரை (பிராசசர் மேல் உட்காரும் ஃபேன்) நேராக மேலே இழுத்தால், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) பிடித்துக்கொண்டு, சாக்கெட்டின் பூட்டு போட்டிருக்கும்போதே சிப்பும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். ஏஎம்4-இல் இது அடிக்கடி நடக்கிற விபத்து, பின்கள் வளைவதும் இதனால்தான். ஸ்க்ரூவை எல்லாம் தளர்த்திய பிறகு, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகு தூக்கு. சிப்போடு வந்த கூலராக இருந்தால் நாலு ஸ்க்ரூவும் போர்டுக்கு அடியில் இருக்கிற தகட்டில்தான் பிடித்திருக்கும். கழற்றும்போது தகடு பின்னால் நழுவும், ஒரு கையால் பிடித்துக்கொள். திருப்பி மாட்டும்போது ஒரே மூலையை முழுதாக இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு.

சிப்பை எடுத்ததும் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். பின் வரிசை நெல் நாற்று நட்ட மாதிரி நேராக இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சாய்ந்திருந்தால் பயப்படாதே. குச்சி போடாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனித் துளையில் அந்தப் பின்னை நுழைத்து, மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே தள்ளில் நிமிர்த்தப் பார்த்தால் ஒடிந்துவிடும். சிப்பின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே முக்கோணம் இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வரும்படி வைத்தால் சிப் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தப்பு, எடுத்துவிடு. பழைய பேஸ்ட்டைத் துடைத்து எடுத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வை.

வேலையைத் தொடங்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடி, உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் வடிந்துவிடும். இன்னொன்றும் கவனி: நம் வீடுகளில் பல எக்ஸ்டென்ஷன் போர்டுகளில் எர்த் இணைப்பே இருப்பதில்லை. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் அதுதான் காரணம். முதலில் அதைச் சரிசெய், உனக்கும் நல்லது, போர்டுக்கும் நல்லது.

அப்படியே பயாஸ் அமைப்புகளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடு. போர்டில் வட்டமாக ஒரு ரூபாய்க் காசு அளவில் 2032 பேட்டரி இருக்கும். பிளக் எடுத்த நிலையில் அதை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் போதும். 2018-இல் வந்த பேட்டரி என்றால் புதிதே போட்டுவிடு, விலை அதிகமில்லை. பிறகு ராமை இரண்டு பக்கமும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்து. பிராசசருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் தனியாக ஒரு 4 பின் அல்லது 8 பின் கரண்ட் வயர் சொருக வேண்டும். அதைச் சொருக மறந்துவிட்டாலும் ஃபேன் எல்லாம் சுற்றும், டிஸ்ப்ளே வராது. கூலர் மாற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி, திருப்பி மாட்ட மறப்பது சர்வசாதாரணம். கூலர் ஃபேன் வயரையும் பார்த்துவிடு. சுவிட்ச் போட்ட பிறகு உடனே அணைத்துவிடாதே. பேட்டரி எடுத்துப் போட்ட பிறகு முதல்முறை கிளம்பும்போது ராமைப் புதிதாகச் சோதிக்கும், ஓரிரு முறை தானாக அணைந்து எரியவும் செய்யும். சில நிமிடம் பொறு.

டிஸ்ப்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வரும் என்றுதான் நம்புகிறேன்.

இனி பயாஸ் அப்டேட். போர்டின் மாடல் எண் போர்டிலேயே அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 'ரெவிஷன்' எண்ணும் இருக்கும். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தைத் திற. பிராசசர் ஆதரவுப் பட்டியலில் நீ போடப்போகிற சிப்புக்கு எந்த பயாஸ் பதிப்பு முதல் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். அந்தப் பதிப்பின் குறிப்பை ஒரு வரி விடாமல் படி. சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, இடையில் ஒரு பதிப்பைப் போடச் சொல்லியிருப்பார்கள். சில போர்டுகளில் புதிய பயாஸ் போட்டால் மிகப் பழைய சிப்கள் சிலவற்றை அது மறந்துவிடும், பயாஸ் இருக்கிற சின்ன சிப்பில் இடம் போதாததால். அப்படி மறக்கப்படும் சிப்களில் 2200ஜி இல்லை என்று உறுதி செய்துகொள். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஃபைலைப் போட்டு, பயாஸ் திரைக்குள் இருக்கிற அப்டேட் வசதியிலிருந்தே ஏற்று. விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருள் வேண்டாம்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் அப்போதுதான் போர்டு நிஜமாகவே செத்துப்போகும். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதே. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால், அது மாறும்போது கம்ப்யூட்டர் அணைகிறதா என்று முன்னாலேயே தெரிந்துகொள். அணைந்தால் அது உதவாது. யாரிடமாவது யுபிஎஸ் இரவல் வாங்கு. மின்வாரியம் பராமரிப்பு நாள் அறிவித்திருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

சில போர்டுகளில் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் என்று ஒரு பட்டன் இருக்கும். அது இருந்தால் பிராசசரே இல்லாமல்கூட பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றலாம். ஃபைலின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்ற வேண்டும், குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில்தான் சொருக வேண்டும். ஆனால் பழைய பிராசசர் கையில் இருக்கும்போது திரையைப் பார்த்துச் செய்வதே நிம்மதி.

சகோதரி, இங்கே நீங்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பயாஸ் புதுப்பித்த பிறகும் 5600-இலிருந்து டிஸ்ப்ளே வர ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லையென்றால் 5600-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 5600ஜி வாங்கலாம். உங்கள் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி என்பேன். 5600ஜி-யிலும் அதே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். உள்ளே கிராபிக்ஸ் உண்டு. 5600-இன் கேஷ் நினைவகம் பெரியது, பிசிஐஇ 4.0-உம் (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி இவற்றை இணைக்கும் வேகமான வழி) உண்டு. ஆனால் உங்கள் பி450 போர்டு பிசிஐஇ 3.0 வரைதான் போகும் என்பதால் அந்தக் கூடுதல் வேகம் உங்களுக்குப் பயன்படாது. டேலி, பிரவுசர், கல்லூரிப் பாடம், வீடியோ எல்லாவற்றுக்கும் 5600ஜி தாராளம். பெட்டியைத் திறந்த பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்பது விற்றவரின் விதியைப் பொறுத்தது, அதனால் இதை மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் தெரிந்தவர்களிடம் பழையதாக விற்றுவிட்டு மாற்றலாம், 5600-க்கு எப்போதும் ஆள் இருக்கிறது. தம்பி பெரிய விளையாட்டுகள் ஆடவோ, முப்பரிமாண வடிவமைப்பு படிக்கவோ போகிறான் என்றால் 5600-ஐ வைத்துக்கொண்டு கார்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு அவசரமில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. 2200ஜி விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று தம்பி சொன்னதும் சரி. ஆனால் மைக்ரோசாப்ட் கணக்கு வைத்துப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். பழைய பிராசசரிலேயே அதுவரை வேலையை ஓட்டிக்கொண்டு, நிதானமாக மாற்றலாம்.

போர்டை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும். போர்டை மாற்றினால் லைசென்ஸ் தகராறு வரலாம், பிராசசரை மட்டும் மாற்றினால் பொதுவாக வராது. டேலி லைசென்ஸையும் மறக்காதீர்கள். பழைய விண்டோஸ் திறந்ததும் டேலியின் டேட்டா மெனுவில் முறையாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டிக்கு மாறுகிற நாளில் பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புதியதில் ஏற்றுங்கள்.

தம்பிக்கு மீதி வேலை. புதிய சிப்பைப் போட்ட பிறகு முதல்முறை கிளம்பும்போது, புதிய பிராசசர் மாட்டப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) என்பதை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரலாம். 'ஒய்', 'என்' இரண்டில் ஒன்றை அழுத்தச் சொல்லும். டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் யோசிக்காமல் 'ஒய்' அழுத்திவிடாதே. அதன் சாவி அந்த எஃப்டிபிஎம்மில்தான் இருக்கிறது. அழித்துவிட்டால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதனால் பழைய சிப்பில் விண்டோஸ் ஓடும்போதே, கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார். போட்டிருந்தால் அணைத்துவிடு, அல்லது அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வை. போடவில்லை என்றால் 'ஒய்' அழுத்தலாம், ஒன்றும் ஆகாது.

புதிய சிப்பில் டிஸ்ப்ளே வந்து, பயாஸ் திரையில் அதன் பெயரும் தெரிந்த பிறகு அணைத்துவிட்டுப் புதிய ராமைச் சேர். நாலு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். 5600ஜி போட்டால் இரண்டு ராமும் இப்படி ஜோடியாக இருப்பது முக்கியம், உள் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், பரவாயில்லை. இரண்டும் சேர்ந்து ஓடாமல் அடம்பிடித்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அடுத்ததாக எஸ்எஸ்டி. எம்.2 என்ற, எஸ்எஸ்டிக்கான சின்ன ஸ்லாட்டில் அதை மாட்டினால் பல பி450 போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தானாக அணைந்துவிடும். எவை என்று கையேட்டில் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் அந்தத் துளையில் இருந்தால் திடீரென்று காணாமல் போனதுபோல் தெரியும், அம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிடும். வேறு துளைக்கு மாற்றினால் வந்துவிடும். விண்டோஸ் 11-ஐ எஸ்எஸ்டியில் புதிதாக ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கியே வை. இன்ஸ்டால் செய்யும் திரையில் இரண்டு டிஸ்க் தெரிந்தால் தவறானதை அழித்துவிடும் அபாயம் இருக்கிறது. சில நேரம் விண்டோஸ் தன் பூட் ஃபைலைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும், பின்னாளில் அந்தப் பழைய டிஸ்க் போனால் புதியதும் கிளம்பாது. எல்லாம் முடிந்து விண்டோஸ் திறந்த பிறகு பழையதை இணைத்தால் போதும்.

பழைய பிராசசரும் ஒற்றை ராமும் போட்டும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால்? அப்போதும் உடனே போர்டு என்று சொல்லிவிட முடியாது. ராமின் தங்க முனைகளை ரப்பரால் லேசாகத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார். மானிட்டரை வேறு வயரில், வேறு துளையில் பார். திருப்பூரில் பஞ்சுத் தூசி ஃபேனிலும் ஸ்லாட்டிலும் அடைந்திருக்கும், பிரஷ்ஷால் எடுத்துவிடு. ஆனால் பிராசசர் சாக்கெட்டுக்குள் பிரஷ் போகக்கூடாது. போர்டுக்கு அடியில் ஸ்க்ரூ எதுவும் விழுந்து கிடக்கிறதா என்று கேபினட்டைச் சாய்த்துப் பார். இதற்கெல்லாம் பிறகும் வரவில்லை என்றால் கடைக்குப் போகலாம். போகும்போது பழைய பிராசசரையே மாட்டி எடுத்துக்கொண்டு போ. "வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டுக் காட்டுங்கள், இந்த 2200ஜி-யை வேறொரு ஏஎம்4 போர்டில் போட்டுக் காட்டுங்கள்" என்று நின்று கேள். சிப் வேறு போர்டில் ஓடி, உங்கள் போர்டில் மட்டும் ஓடவில்லை என்றால்தான் போர்டு போனது நிச்சயம். அப்போதும் போர்டு ஒன்று மட்டும் மாற்றினால் போதும். ராம் டிடிஆர்4, புதிய போர்டுக்கும் அதுவே ஆகும்.

சகோதரி, உங்கள் மகன் எதையும் கெடுக்கவில்லை. விண்டோஸ் 11 ஏன் ஏறாது என்று கண்டுபிடித்து, அதே சாக்கெட்டுக்குப் பொருந்துகிற சிப்பைத் தேடி, தன் கையால் மாட்டியிருக்கிறான். பின்னால் ஒரு எழுத்து இருப்பதையும் இல்லாததையும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல அனுபவசாலிகளும் இதில் சறுக்குகிறார்கள். இன்டெல் சிப்களில் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது, ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன் சிப்களில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. ஒன்றில் எழுத்து இருந்தால் இல்லை, மற்றதில் இருந்தால் உண்டு. யாருக்கும் குழம்பும்.

தம்பி மறுபடி எழுதுவதாக இருந்தால் போர்டின் முழு மாடல் எண், ரெவிஷன் எண், விளக்கு எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எரிகிறது, பழைய பிராசசர் போட்டபோது பயாஸ் திரையில் தெரிந்த பதிப்பு எண், எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கிற தாளின் போட்டோ, இவற்றை அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று படிப்படியாக எழுதித் தருகிறேன்.